பிரபஞ்சம் விரிகிறது என்றால் விண்ணகம் தூரமாகிக்கொண்டே போகிறதா? மகள் கேட்ட கேள்வி

முத்துநகர் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இயற்பியல் தெரிந்தவர்களும் இறையியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். நாங்கள் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். மகள் எட்டாம் வகுப்பு. போன ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்புக்குப் போனவள், வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "அம்மா, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறதாம். அப்படியென்றால் விண்ணகமும் தள்ளித் தள்ளிப் போகுமா? தாத்தா நம்மை விட்டுத் தூரமாகிக்கொண்டே இருக்கிறாரா?"

என் அப்பா போன வருடம் தவறிவிட்டார். தாத்தா மேலே இருக்கிறார் என்று அவளிடம் சொன்னது நான்தான், மொட்டைமாடியில் நின்று கையைக் காட்டிச் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இரண்டு நாளாகத் தூக்கமும் சரியாக இல்லை.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னபோது சித்தப்பா ஒருவர் ஒரு செய்தியை அனுப்பினார். பெருவெடிப்பைக் கண்டுபிடித்ததே ஒரு கத்தோலிக்கக் குருவானவர், 'ஒளி தோன்றுக' என்பதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று திருத்தந்தையே சொல்லிவிட்டார், ஆகவே கவலைப்படாதே என்று இருந்தது. படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பயம் வந்தது. இன்றைக்கு அறிவியல் நிரூபித்ததால் என் விசுவாசம் சரி என்றால், நாளைக்கு அறிவியல் வேறு ஒன்றைச் சொன்னால் என் விசுவாசம் என்ன ஆகும்?

விரிகிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? பெருவெடிப்பைத் தொடக்கநூலின் முதல் வரியோடு சேர்த்துப் படிக்கலாமா? தயவுசெய்து சண்டை போடாமல் பதில் சொல்லுங்கள், பிள்ளைக்குப் புரியும்படி சொன்னால் இன்னும் நல்லது.

கரும்பலகை:

அம்மா, நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கடவுளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, விரிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் ஒரு துண்டு எடுத்து, 1 செ.மீ. இடைவெளியில் பேனாவால் ஐந்தாறு புள்ளி வையுங்கள். மகளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இடைவெளியும் 2 செ.மீ. ஆகும்வரை இழுங்கள். முதல் புள்ளியிலிருந்து பார்த்தால் பக்கத்துப் புள்ளி 1 செ.மீ. நகர்ந்திருக்கும், நான்காவதாகத் தள்ளி இருக்கும் புள்ளி 4 செ.மீ. நகர்ந்திருக்கும். இரண்டுமே அதே நேரத்தில் நடந்தது. அதாவது எது எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அது அவ்வளவு வேகமாக விலகுவது போலத் தெரியும். இப்போது நடுவில் உள்ள எந்தப் புள்ளியையும் 'நம் வீடு' என்று வைத்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள், அதே விடைதான் வரும். 1929ல் வானியலாளர் எட்வின் ஹபிள் விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) வைத்துக் காட்டியது இந்தக் கணக்கைத்தான். இன்றைய அளவீட்டின்படி சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்) தொலைவுக்கு ஒரு முறை விலகும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. கூடுகிறது.

எலாஸ்டிக்குக்கு இரண்டு முனை உண்டு, இழுக்க இரண்டு கை உண்டு. பிரபஞ்சத்துக்கு ஓரம் இருப்பதாக எந்த அளவீடும் காட்டவில்லை. நடு என்று ஓர் இடமும் கிடையாது. 'எதற்குள்ளே விரிகிறது' என்று மாணவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வெளியே ஒரு காலி இடம் இருந்து அதற்குள் இது பரவுகிறது என்று கணக்கு சொல்லவில்லை, மண்டலங்களுக்கு நடுவே உள்ள இடமே நீள்கிறது என்றுதான் சொல்கிறது. இதைக் குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள், வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஈர்ப்பால் கட்டுண்ட எதுவும் இப்படி விரிவதில்லை. தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் தூரம் கூடுவதில்லை, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலும் இந்த விரிவு கிடையாது. நம் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமெடா விலகாமல் நம்மை நோக்கி விநாடிக்கு சுமார் 110 கி.மீ. வேகத்தில் வருகிறது.

பெருவெடிப்பு பற்றி: ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் மிக மிகச் சூடாகவும் நெருக்கமாகவும் இருந்தது, அது உறுதி. அதற்கு 3.8 லட்சம் ஆண்டு கழித்துக் கிளம்பிய வெளிச்சம் இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, அமெரிக்காவில் பென்சியாசும் வில்சனும் அதைப் பிடித்துக் காட்டியதற்கு 1978ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 'முதல் கணம்' என்று ஒன்றைத் தேடிக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், ஒரு கட்டத்தில் நம் சமன்பாடுகளே வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன. ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது என்று இயற்பியல் நிரூபித்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்றோ, இருந்தது என்றோ நிரூபிக்கப்படவில்லை.

மெழுகுதிரி:

அக்கா, சில வருடம் குருமடத்தில் இருந்து மெய்யியல் படித்துவிட்டு வெளியே வந்தவன் நான். சித்தப்பா அனுப்பிய செய்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு வந்த பயத்துக்கே பதில் கிடைக்கும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்தின் சார்ல்ருவா ஊரில் 1894ல் பிறந்தவர். முதல் உலகப்போரில் படைவீரராக இருந்தவர், 1923ல் குருப்பட்டம் பெற்றார், அப்புறம் கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படித்தார். 1927ல், ஹபிளுக்கு இரண்டு வருடம் முன்னால், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிய வேண்டும் என்று காட்டி, விரியும் வேகத்தையும் கணக்கிட்டார். அந்தக் கட்டுரை பிரெஞ்சில் ஒரு பெல்ஜிய இதழில் வந்தது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. அதே வருடம் பிரசெல்சில் சந்தித்தபோது ஐன்ஸ்டைனே, கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் பேசி அனுப்பிவிட்டார். அதுவரை ஹபிள் விதி என்று அழைத்ததை ஹபிள்–லெமேத்ர் விதி என்று சொல்லலாம் என உலக வானியலாளர் சங்கம் பரிந்துரைத்தது 2018ல்தான்.

1931ல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எல்லாம் ஓர் ஒற்றை ஆதி அணுவிலிருந்து பிரிந்து வந்திருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அதன் தட்டச்சுப் பிரதியின் கடைசியில் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கடவுள் அடிப்படையிலேயே மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர்கள், இன்றைய இயற்பியல் படைப்பின் மேல் ஒரு திரையைப் போடுவதைக் கண்டு மகிழலாம் என்ற கருத்து. அனுப்புவதற்கு முன்னால் அதை அவரே அடித்துவிட்டார். அச்சில் வந்த குறிப்பில் கடவுள் இல்லை. நான் இதை முதலில் படித்தபோது அந்த அடித்த கோட்டை நினைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் நம்பாததால் அடிக்கவில்லை. தினமும் பூசை வைத்தவர் அவர். இது அதற்கான இடமில்லை என்று நினைத்துத்தான் அடித்திருப்பார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி திருத்தந்தை விஷயம். 1951 நவம்பர் 22 அன்று, பன்னிரண்டாம் பயஸ் திருப்பீட அறிவியல் கழகத்தில் பேசும்போது, இன்றைய அறிவியல் பல லட்சம் நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போய் அந்த முதல் 'ஒளி தோன்றுக'வுக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. மற்றவர்கள் யாரும் சந்தோஷப்படக்கூடிய பேச்சுதான், லெமேத்ருக்கோ அது பெரிய மனவருத்தம். அடுத்த வருடம் ரோமில் உலக வானியலாளர் மாநாடு, திருத்தந்தை அவர்களிடமும் பேச இருந்தார். லெமேத்ர் முன்கூட்டியே ரோம் போய், வத்திக்கான் வானியல் ஆய்வகத் தலைவரான இயேசு சபைக் குரு ஓ'கானல் வழியாகத் தன் கவலையைத் தெரிவித்தார். 1952 செப்டம்பரில் திருத்தந்தை வானியலாளர்களிடம் பேசிய உரையில் அந்த ஒப்பீடு இல்லை. உலகத்தின் தொடக்கத்தைக் கண்டவர் தாமே என்று பெயர் வாங்கக்கூடிய குரு, அதைத் தன் மதத்துக்குச் சாட்சியாக்க வேண்டாம் என்று தன் திருத்தந்தைக்கே சொல்லி அனுப்பினார், இதைத்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி விட்டுவிட்டது.

உங்கள் பயம் நியாயமானது என்பதற்கு அந்த ரோம் மாநாடே போதும். அன்றைக்கு இருந்த அளவீட்டின்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுக்கும் குறைவாக வந்தது, ஆனால் பூமியின் பாறைகள் அதைவிடப் பழையவை. அந்த மாநாட்டில்தான் வால்டர் பாடே என்ற வானியலாளர், ஆண்ட்ரோமெடாவின் தூரத்தை நாம் பாதியாகக் குறைத்து அளந்திருக்கிறோம் என்று அறிவித்தார். ஒரே நாளில் பிரபஞ்சத்தின் அளவும் வயதும் இரண்டு மடங்கு ஆயின. அறிவியலில் இது நல்ல சேதி, அதன் வேலையே தன்னைத் திருத்திக்கொள்வது. விசுவாசத்தை அந்த எண்ணின் மேல் கட்டியிருந்தால்?

நம்பிக்கை உள்ளவருக்குத் தொடக்கம் பிடிக்கும், இல்லாதவருக்குப் பிடிக்காது என்பதும் முழுக்கச் சரியில்லை. பெருவெடிப்பை எதிர்த்த வானியலாளர் ஃபிரெட் ஹாயிலுக்குத் தொடக்கம் மத வாசனை அடிப்பதாகத் தோன்றியது உண்மை. ஆனால் லெமேத்ரின் ஆசிரியர் எடிங்டன் உறுதியான குவேக்கர் கிறிஸ்தவர், அவருக்கும் தொடக்கம் என்ற எண்ணமே அருவருப்பாக இருந்தது, அதை எழுதியும் வைத்திருக்கிறார்.

'படைத்தார்' என்பதை ஒரு தேதியில் நடந்த நிகழ்ச்சியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை, புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்கிறோம், தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது, எப்போதும் இருந்துவந்த உலகமாக இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்தே இருக்கும் என்பது அவருடைய வாதம். குருமடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சாமி ஓர் உதாரணம் சொல்வார். கொத்தனார் வீட்டைக் கட்டிவிட்டுப் போய்விடலாம், வீடு நிற்கும். பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். உலகம் கடவுளுக்கு வீடு மாதிரி இல்லை, பாட்டு மாதிரி. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பாட்டு எவ்வளவு நீண்டாலும் பாடுகிறவர் பாட்டை விட்டுத் தூரமாவதில்லை.

கருப்புச்சட்டை:

சகோதரி, நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். சண்டைக்கு வரவில்லை. என் அப்பா போனபோது என் மகனுக்கும் இதே வயது, அதனால் உங்கள் பதிவைத் தாண்டிப் போக முடியவில்லை.

மெழுகுதிரி தோழர் சொன்ன லெமேத்ர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பாட்டு உதாரணத்தில் எனக்கு ஒரு கேள்வி. தொடக்கம் இருந்தாலும் கடவுள், இல்லாவிட்டாலும் கடவுள், விரிந்தாலும் சுருங்கினாலும் கடவுள் என்றால், அந்தக் கடவுள் இருக்கிற பிரபஞ்சத்துக்கும் இல்லாத பிரபஞ்சத்துக்கும் என்ன வித்தியாசம்? எந்த அளவீடும் தொட முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அவரை யாரும் மறுக்க முடியாது, சரி. கூடவே அவர் எதையும் விளக்குவதும் நின்றுபோகிறதே. இதை நான் நிஜமாகவே கேட்கிறேன்.

என் மகனிடம் நான் சொன்னது இதுதான்: தாத்தா உடம்பில் இருந்த தண்ணீரில் ஹைட்ரஜன் இருந்தது, அதில் பெரும்பகுதியின் கரு பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களுக்குள் உண்டானது. ரத்தத்தில் இருந்த இரும்பு, நம் சூரியன் பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன விண்மீன்களில் உண்டானது. எதுவும் எங்கேயும் தொலைந்து போகவில்லை. அவன் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

மெழுகுதிரி:

தோழர், உங்கள் கேள்வி நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். அளவீட்டில் வித்தியாசம் இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு பொருள் ஏன் இப்படி நடக்கிறது என்பதை விளக்கக் கடவுள் எனக்குத் தேவையில்லை, ஏன் எதுவுமே இருக்கிறது என்ற கேள்வியில்தான் நான் அவர் முன்னால் நிற்கிறேன். அது கேள்வியே இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அங்கேதான் நாம் பிரிகிறோம். லெமேத்ர் 1958ல் ஒரு மாநாட்டில் பேசும்போது, தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவருக்கும் நம்புகிறவருக்கும் அது இடம் விடுகிறது என்ற பொருளில் சொன்னார். எசாயா இறைவாக்கினர் 'மறைந்திருக்கும் கடவுள்' என்றாரே, பிரபஞ்சத்தின் தொடக்கத்திலும் அவர் மறைந்தேதான் இருக்கிறார் என்றும் சொன்னார்.

ஓதுவார் மகள்:

எங்கள் பக்கமும் இதே கதைதான் அக்கா. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் வருகிற "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்ற அடியைப் போட்டு, விரியும் பிரபஞ்சத்தை மாணிக்கவாசகர் அப்போதே சொல்லிவிட்டார் என்று வருடா வருடம் சுற்றுகிறது. நானும் பல வருடம் பெருமையாகப் பகிர்ந்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டியபோது அவர், அடுத்த அடியைப் படி என்றார்.

"இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்"

வீட்டுக்குள் நுழைகிற வெயில் கற்றையில் தூசி மிதக்குமே, நூற்றொரு கோடிக்கும் மேல் பரந்து கிடக்கிற அத்தனை அண்டமும் அவன் முன்னால் அந்தத் தூசி போலச் சிறியவை ஆகும்படி அவன் பெரியவன். 'விரிந்தன' என்றால் இங்கே பரந்து கிடக்கின்றன என்று பொருள், ஒன்றைவிட்டு ஒன்று ஓடுகின்றன என்பதல்ல. ஹபிளின் கணக்கை அதில் தேடுகிற அவசரத்தில், அந்தத் தூசியையும் வெயிலையும் நான் பார்க்காமலே விட்டிருக்கிறேன். அண்டம் இன்னும் பத்து மடங்கு பெரிதானாலும் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது அளவைப் பற்றிய பாட்டாக இருந்தும் எந்த அளவையும் நம்பி நிற்கவில்லை.

சைவ சித்தாந்தத்தில் தொடக்கம் என்பதும் வேறு மாதிரி. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் உலகம் தோன்றும், நிற்கும், ஒடுங்கும், ஒடுங்கியது மீண்டும் தோன்றும் என்று போகிறது, ஒடுக்குகிறவனே முதல்வன் என்ற பொருளில் 'அந்தம் ஆதி' என்கிறது. இறைவன், உயிர், மலம் (உயிரைப் பிணைக்கும் அழுக்கு) எதற்குமே பிறந்தநாள் கிடையாது. அதற்காக 'ஒடுங்கும் பிரபஞ்சத்தை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள்' என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த நூல் உயிர் எப்படிக் கரையேறும் என்று கவலைப்பட்டு எழுதியது.

காயல்காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆன் 51:47 வசனத்துக்கும் இதுதான் நடக்கிறது. வானத்தை அமைத்ததைச் சொல்லிவிட்டு 'மூசிஊன்' என்று வருகிற சொல்லை 'விரிவாக்குகிறோம்' என்று இன்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், பழைய விரிவுரைகளில் ஆற்றலும் வசதியும் உடையவர், விசாலமாக்கியவர் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மொழியில் இடம் இருக்கலாம். எனக்கு அந்த வசனம் ஓதும்போது மனதில் வருவது விசாலம்தான், அதற்கு ஹபிளின் சான்றிதழ் தேவைப்படவில்லை. உங்கள் தகப்பனாருக்காக துஆ செய்கிறேன் சகோதரி.

முத்துநகர் வாசகி:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன், ஒரு இடத்தில் அழுதும்விட்டேன்.

நேற்று சாயங்காலம் எலாஸ்டிக்கில் புள்ளி வைத்துச் செய்து பார்த்தோம். மூன்றாவது புள்ளிக்கு 'தூத்துக்குடி' என்று பெயர் வைத்தாள். எல்லாப் புள்ளியும் தன்னைத்தான் நடு என்று நினைக்கும் என்று அவளாகவே சொன்னாள். அப்புறம் நான் தாத்தா விஷயத்தை எடுத்தேன். மேலே என்று கையைக் காட்டியது எனக்கு வேறு வழி தெரியாமல் காட்டியது, விண்ணகம் இந்த எலாஸ்டிக்கில் ஒரு புள்ளி கிடையாது, அதனால் அது விலகாது என்றேன். பாட்டு உதாரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தாத்தா இருக்கிறது எங்கே என்று உனக்கும் தெரியாது, ஆனால் தூரமாகவில்லை, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். கருப்புச்சட்டை அண்ணா சொன்ன இரும்பையும் ஹைட்ரஜனையும் சொன்னேன், அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

சித்தப்பாவுக்கு லெமேத்ர் கதையை அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

கரும்பலகை ஐயா, அவள் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். எலாஸ்டிக் ஒரு நாள் அறுந்துவிடுமா? நம் பக்கம் வருகிற அந்த ஆண்ட்ரோமெடாவை எங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

கரும்பலகை:

முதல் கேள்வி இப்போது உலகத்தின் பெரிய ஆய்வாளர்கள் கேட்கிற கேள்வி என்று அவளிடம் சொல்லுங்கள். விரிவு மெல்ல மெல்லக் குறையும் என்றுதான் நாங்கள் பாடம் நடத்தினோம். 1998ல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்த இரண்டு குழுக்கள், குறையவில்லை, வேகம் கூடுகிறது என்று கண்டார்கள். 2011ல் அதற்கு நோபல் பரிசு. கூட்டுவது எதுவோ அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம், அது என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பொறுத்துத்தான் எலாஸ்டிக்கின் கதி.

இரண்டாவதுக்கு, பார்க்கலாம். நவம்பர் நடுவில், நிலா இல்லாத ராத்திரி ஒன்பது மணி வாக்கில், துறைமுக வெளிச்சத்தை விட்டு ஊருக்கு வெளியே போய் வடக்கே பார்த்து நில்லுங்கள். அடிவானத்திலிருந்து உச்சி வரையான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்து பாருங்கள். முதலில் கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும், போனை எடுக்கவே கூடாது. பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும், சின்ன பைனாகுலர் இருந்தால் சுலபம். அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.